இடம்

பில்லிங்ஸ் ஊரில்
டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
டூயி ஹாக்லண்டின் கடை.
சுவர் நிறைய உறைகள்,
தோலில், நைலானில், கெட்டிப் பிளாஸ்டிக்கில்.
எல்லாம் வலக்கைக்கு.

"இடக்கையா?" என்றார்,
உடம்புக்கு என்ன என்று விசாரிப்பவர்போல.
மேசைக்கு அடியிலிருந்து
ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார்.
உள்ளே மூன்றே மூன்று.
தூசி தட்டித் தும்மினார்.

எனக்கு இது பழக்கம்தான்.
கத்தரிக்கோல், டின் திறப்பான்,
பள்ளி நாற்காலியோடு ஒட்டிவரும் எழுதுபலகை.
ரொட்டிக் கத்தியின் பல்லுக்குக்கூட
கட்சி உண்டு.

நீலப் பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கியைக் கொடுத்து
செருகிப் பாருங்கள் என்றார்.
முதல் உறை மெத்தென்று,
இடுப்பில் பூனைக்குட்டி சுருண்டதுபோல்.
எனக்குப் பிடித்துப்போனது.
அவரே பிடுங்கிக்கொண்டார்.
"விசையை மூடாத மெத்துமெத்து எதற்கு?
எடுத்ததும் வாய் சுருங்கிவிடும்.
திரும்பச் செருகும்போது
சட்டை நுனி உள்ளே போய் விசையில் மாட்டினால்?"
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
தொடையைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டாவது கச்சிதம்,
நின்றுகொண்டே இருந்தால்.
நானோ விடிகாலை மூன்றரைக்கு
ரொட்டிக்கடையைத் தனியே திறப்பவள்.
போன மாதம்
பின்கதவுப் பூட்டில் யாரோ கம்பி விட்ட தடம்.
நான் குனிய வேண்டும், கீழ்த்தட்டை இழுக்க வேண்டும்.
பனிக்குத் தூவ மூலையில் வைத்திருந்த உப்பு மூட்டையைக்
கேட்காமலே போய்த் தூக்கினேன்.
இடுப்பெலும்பில் சுருக்கென்றது.

"எல்லாரும் கண்ணாடி முன்னால்
திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றார் டூயி.
"மூட்டை தூக்கியது நீங்கள்தான்."

மூன்றாவதில் இரண்டு திருகாணி.
சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம்.
விறைப்பான இடைவார் ஒன்றையும்
சேர்த்துத் தலையில் கட்டினார்.
வண்டியில் போய் உட்கார்ந்தேன்.
இருக்கைப் பட்டையின் கொக்கி வலப்பக்கம்.
வலக்கைக்காரர்கள் அந்த இடத்தில்தான்
உறையும் கொக்கியும் இடித்து அவதிப்படுவார்களாம்.
எனக்கு எதுவும் இடிக்கவில்லை.
நாற்பத்தாறு வயதில்
உலகம் எனக்கென்று செய்த முதல் உபகாரம்.
அதுவும் தெரியாமல் செய்தது.

நீலப் பொம்மையை இரவல் தந்து
ஒரு வாரம் இதோடு நடமாடுங்கள் என்றார்.

திங்களன்று ஏப்ரன் முடிச்சு அதன்மேல் விழுந்தது.
மாற்றிக் கட்டினேன்.
புதனன்று உறைக்குள் மாவு.
வியாழக்கிழமை அடுப்பின் முன்னால்
வியர்வையில் தோல் சிவந்து,
அடியில் ஒரு மெல்லிய பனியன்.
சனிக்கிழமை ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்பதில்தான் வினை.

ஞாயிறு மதியம் தங்கை மகன் எம்மெட்
ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான்.
கன்னம் எதிலோ மோதி
டக்கென்று ஒரு சத்தம்.
"பெரியம்மா, உன் எலும்பு ரொம்பக் கெட்டி."
பொம்மைதான்.
பொம்மை என்பதும் மறந்திருந்தேன்,
போட்டிருப்பதும் மறந்திருந்தேன்.

நல்ல உறை என்றால்
இருப்பதே தெரியக்கூடாதாம்.
செருப்புக்கு அது சரி,
மூக்குக்கண்ணாடிக்குச் சரி.
இதற்கு என் இடப்பக்கத்தில்
இடம் கொடுக்கலாம்.
மறதியைக் கொடுக்க முடியாது.

திங்கள் காலை
நீலப் பொம்மையைத் திருப்பிக் கொடுத்துக் காசை எண்ணி வைத்து,
மேல் திருகாணியை அரைச் சுற்று மாற்றச் சொன்னேன்.
"குத்துமே, ராவெனா."
"கொஞ்சம் குத்தட்டும்."

டூயி என் முகத்தைப் பார்த்தார்.
திருப்புளியைத் தேடி எடுத்தார்.
அரைச் சுற்று.

உப்பு மூட்டை அதே மூலையில் இருந்தது.
குனிந்து தூக்கினேன்.

ம்.
இருக்கிறது.